அருமண்ணும் அருமுயற்சியும்

அருமை என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. எளிதிற் கிடைக்காமை ஒன்று. எளிதிற் செய்ய முடியாமை மற்றொன்று. அரும்பொருள் என்னுமிடத்து முதற்பொருளும், அருஞ்செயல் என்னுமிடத்து இரண்டாம் பொருளும் விளங்கித் தோன்றும். இற்றை நாள் வல்லரசுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு தேடும் பதினேழு தனிமங்களுக்கு அருமண் என்பது தமிழ்ப்பெயர். மேலைநாட்டார் தம் மொழியில் அப்பெயரை இட்டபோது, கிடைத்தற்கு அரிய மண் என்றே எண்ணினர். அவ்வெண்ணம் தவறென்பது பின்னர்த் தெளிந்தது. ஆயினும் தமிழ்ப்பெயர் பழுதுபடவில்லை. அவை பிரித்தற்கு அரியவை. பயன்பொருளாக ஆக்குதற்கு அரியவை. இந்த இரண்டாம் அருமையை ஏற்று உழைத்த நாடு இன்று பிறரை ஆட்டிவைக்கின்றது. மண்ணை அள்ளி விற்பதோடு நின்றுவிட்ட நாடு, அம்மண்ணினின்று பிறர் செய்த பொருளுக்காகக் கையேந்தி நிற்கின்றது. தமிழகத்தின் தென்கோடிக் கடற்கரையில் அம்மண் கிடப்பதால், இவ்வேறுபாடு தமிழர் ஆழ்ந்து எண்ணுதற்குரியது.

பெயர் பிறந்த வரலாற்றை முதற்கண் காண்பது நன்று. 1787-ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டின் தலைநகருக்கு அண்மையிலுள்ள இட்டர்பி என்னும் சிற்றூரின் கற்சுரங்கத்தில், கார்ல் ஆக்செல் அர்ரேனியசு என்னும் படையலுவலர் கரிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். பின்லாந்து அறிஞர் யோகான் கடோலின் அக்கல்லை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத 'மண்' ஒன்று அதனுள் இருப்பதாக 1794-இல் அறிவித்தார். தீயில் உருகாததும் நீரிற் கரையாததுமான பொருளை அக்கால வேதியியலார் மண் என்றே வழங்கினர். மாழையொன்று உயிரகத்தோடு (ஆக்சிசனோடு) கூடிய சேர்மமே அம்மண் என்பது பின்னரே தெரியவந்தது. அச்சிற்றூரின் பெயரே இட்டிரியம், தெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என்னும் நான்கு தனிமங்களுக்கு அடியாயிற்று. உலக வேதியியல் அட்டவணையில் ஓர் ஊர் நான்கு இடங்களில் நின்று நிலைத்துவிட்டது.

இலாந்தனம் தொட்டு உலுத்தீசியம் ஈறாக உள்ள பதினைந்து தனிமங்களும், அவற்றோடு இயல்பொத்த இட்டிரியமும் இசுக்காண்டியமும் சேர்ந்தவையே அருமண் தொகுதி. கதிரியக்கத்தால் அழிந்தொழியும் புரோமீத்தியம் ஒன்று நீங்கலாக, இவற்றுள் எதுவும் உண்மையில் கிடைத்தற்கு அரியதன்று. புவியின் மேலோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவிற்கு உள்ளது. மிகக் குறைந்த அளவினதாகிய தூலியமும் வெள்ளியினும் மிகுதியாகவே காணப்படுகின்றது. ஆயின், பொன்னும் செம்பும்போல் ஓரிடத்துச் செறிந்து கிடவாமல் இவை பல்வேறு கனிமங்களிற் சிதறிக் கிடக்கின்றன. கிடைக்குமிடத்தும் ஒன்றோடொன்று பிரிக்கவொண்ணாதபடி பிணைந்து கிடக்கின்றன.

இப்பிணைப்பின் வன்மை, இத்தனிமங்களுக்கு இடப்பெற்ற கிரேக்கப் பெயர்களிலேயே பதிந்துள்ளது. 1839-இல் மோசாண்டர் என்னும் சுவீடன் அறிஞர் சீரியத்தினுள் மறைந்திருந்த புதுத்தனிமத்தைப் பிரித்தெடுத்தார். மறைந்திருப்பது என்னும் பொருளில் அது இலாந்தனம் எனப்பட்டது. அவரே பின்னர்க் கண்ட இன்னொன்று, இலாந்தனத்தின் இரட்டைப்பிறவி போன்றமையால் 'இரட்டை' எனப் பொருள்படும் பெயர் பெற்றது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அது தனித்தனிமம் என்றே நம்பப்பட்டு வந்தது. ஆசுத்திரிய அறிஞர் கார்ல் ஆவர் வான் வெல்சுபாக்கு 1885-இல் அதனையும் இரண்டாகப் பிளந்து, ஒன்றைப் பச்சையிரட்டை என்றும் மற்றொன்றைப் புதியவிரட்டை என்றும் பெயரிட்டார். இப்புதியவிரட்டையே இன்று உலகமெங்கும் பேசப்படும் நியோடிமியம். அதன் துணையாகிய திசுப்புரோசியம் என்னும் பெயருக்கு எய்துதற்கு அரியது என்பது பொருள்.

இவ்வொற்றுமைக்குக் காரணம் அணுவின் அமைப்பில் உள்ளது. ஒரு தனிமத்தின் வேதிவினையை ஆள்வன, அணுவின் புறக்கூட்டில் உள்ள எதிர்மின்னிகள் (எலக்ட்ரான்கள்) ஆகும். அருமண் தனிமங்களில் அப்புறக்கூடு ஏறத்தாழ ஒரேவகையாக அமைந்துள்ளது. ஒரு தனிமத்தினின்று அடுத்த தனிமத்திற்குச் செல்லுங்கால் புதிதாகக் கூடும் எதிர்மின்னி, வெளியே நில்லாமல் நான்காம் கூட்டின் உள்ளறையிற் சென்று ஒடுங்குகின்றது. வெளித்தோற்றம் ஒன்றாயிருத்தலின், காடிக்கும் (அமிலத்திற்கும்) கரைப்பானுக்கும் இவற்றை வேறு பிரித்தறிதல் கடினமாகின்றது. 1911-இல் தூலியத்தைத் தூய்மையாகப் பெற முனைந்த சார்லசு சேம்சு என்னும் அறிஞர், ஏறத்தாழ 15,000 முறை கரைத்தும் படிகமாக்கியும் அதனை அடைந்தார் என்பது வேதியியல் வரலாறு கூறும் செய்தி.

பிரித்தற்கு அருமை தந்த அவ்வுள்ளறை எதிர்மின்னிகளே இத்தனிமங்களுக்குப் பெருமையையும் தந்தன. புறக்கூட்டின் காப்பினுள் இருத்தலால் அவை சூழலால் அலைவுறாமல், தமக்கேயுரிய காந்த இயல்பையும் ஒளி இயல்பையும் கூர்மையாகக் காத்துக்கொள்கின்றன. உயர்திறப் பொறியியல் இன்று இவற்றை நாடுவது இதனாலேயே ஆகும்.

முதலில் காந்தத்தைக் கொள்வோம். இரும்பு காந்தவன்மை மிகுந்தது. ஆயின், அதன் காந்தத் திசை எளிதில் கலைந்துவிடும். 1960-களில் சமாரியமும் கோபால்ட்டும் கூடிய சேர்மம் இக்குறையை நீக்கியது. 1980-களின் தொடக்கத்தில் சப்பானில் மசாத்தோ சகாவாவும், அமெரிக்காவில் சான் குரோட்டும், ஒருவரையொருவர் சாராமல், நியோடிமியம் இரண்டு, இரும்பு பதினான்கு, போரான் ஒன்று என்னும் அணுவீதத்தில் அமைந்த சேர்மத்தைக் கண்டனர். இச்சேர்மத்தில் இரும்பு காந்தவன்மையைத் தருகின்றது. நியோடிமியத்தின் உள்ளறை எதிர்மின்னி முகில் உருண்டையாயில்லாமல் ஒருபுடை சப்பியிருத்தலின், படிகத்தின் ஒரு திசையிலேயே பொருந்தி நின்று, அவ்வன்மை திசைமாறாதபடி பூட்டுப்போட்டு விடுகின்றது. பழைய வெண்களிக் காந்தத்தினும் (பெரைட்டுக் காந்தத்தினும்) இதன் ஆற்றல் ஏறத்தாழப் பத்துமடங்கு. ஆகவே, முன்பு ஆளுயரப் பொறி செய்த வேலையைக் கைக்கடங்கும் பொறி செய்யலாயிற்று.

இக்காந்தத்திற்கும் ஒரு குறை உண்டு. வெப்பம் ஏற ஏற இதன் பூட்டு நெகிழும். 310 பாகை செல்சியசு அளவில் காந்தத்தன்மையே அற்றுப்போகும். மின்னூர்தியின் இயக்கியோ 150 பாகைக்கு மேலும் சூடேறுவது. இங்கேதான் திசுப்புரோசியம் துணைக்கு வருகின்றது. நியோடிமியத்திற்கு மாற்றாக அதனைச் சிறிதளவு சேர்த்தால், 200 பாகை வரையிலும் காந்தம் தளராது. அதற்கும் மேற்பட்ட வெப்பத்திற்குச் சமாரியக் கோபால்ட்டுக் காந்தமே தக்கது. ஏவுகணையிலும் வானூர்தியிலும் செயற்கைக்கோளிலும் அது இடம்பெறுவது அதனால்தான். ஒரு மின்மகிழுந்தின் இயக்கியில் ஒன்று அல்லது இரண்டு கிலோ காந்தமும், பற்சக்கரப் பெட்டியின்றி நேரே இயங்கும் பெருங்காற்றாலையில் ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 600 கிலோ காந்தமும் தேவைப்படுகின்றன.

வெப்பத்தைத் தாங்கும் பணியிலும் அருமண் சேர்மங்கள் முன்னிற்கின்றன. வானூர்திப் பொறியின் சுழலி அலகுகளைத் தாக்கும் வளியின் வெப்பம் 1500 பாகையைக் கடந்தது. அவ்வலகுகள் செய்யப்பெறும் நிக்கல் கலவை மாழையோ அதனினும் குறைந்த வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். உருகவேண்டிய அலகு உருகாமற் சுழல்வதற்கு, அதன் உள்ளே ஓடும் குளிர்காற்றோடு, மேலே பூசிய சுட்டமண் பூச்சும் காரணம். தலைமயிர் சிலவற்றை அடுக்கினாற் போன்ற தடிமனே உடைய அப்பூச்சு, சிர்க்கோனியத்தின் உயிரகச் சேர்மத்தால் ஆனது. அதனைத் தனியே பூசினால், ஏறத்தாழ 1170 பாகையில் படிக அமைப்பு மாறிப் பருமனும் மாறி வெடித்துச் சிதறும். எடையில் 7 அல்லது 8 விழுக்காடு இட்டிரிய உயிரகச் சேர்மத்தைக் கலந்துவிட்டால், அவ்வமைப்பு நிலைபெறும். வெப்பம் ஊடுருவுவதும் மிகக் குறையும். அப்பூச்சுக்கு அடியிலுள்ள மாழைப் பூச்சிலும் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவான இட்டிரியம் சேர்க்கப்படுகின்றது. மேற்படலம் உரிந்து விழாமல் ஒட்டி நிற்பதற்கு அச்சிற்றளவே போதும். இன்னும் மிக்க வெப்பத்திற்குக் கடோலினியமும் சிர்க்கோனியமும் கூடிய சேர்மத்தை இன்று பயன்படுத்துகின்றனர்.

ஒளித்துறையில் இவற்றின் ஆட்சி இன்னும் விரிந்தது. இட்டிரியமும் அலுமினியமும் உயிரகமும் கூடிய படிகத்தில் சிறிது நியோடிமியம் சேர்த்தால், 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள சீரொளி (இலேசர்) பிறக்கும். 1964-இல் கண்டறியப்பட்ட இச்சீரொளி எஃகை வெட்டவும் ஒட்டவும் பயன்படுகின்றது. கண்புரை நீக்கிய பின் மங்கும் உட்படலத்தைத் திறக்கும் கண்மருத்துவர் கையிலும் இதுவே உள்ளது. எர்பியம் கலந்த ஒளியிழை, களைத்துவரும் ஒளிக்குறியைக் கம்பியினுள்ளேயே மீண்டும் வலுப்படுத்துகின்றது. 1987-இல் இது கண்டறியப்பட்டிராவிடில், கடலடிக் கம்பிகள் வழியே கண்டங்களுக்கிடையே நொடிப்பொழுதிற் செய்தி பாயும் இன்றைய நிலை எய்தியிருக்காது. அதே 1987-இல்தான் இட்டிரியம், பேரியம், செம்பு ஆகியவற்றின் உயிரகச் சேர்மம், கழிவு 180 பாகையிலேயே மின்தடை முற்றும் நீங்கிய மீக்கடத்தியாவது தெரியவந்தது. எளிதிற் கிடைக்கும் நீர்ம நைட்டிரசனைக் கொண்டே குளிர்விக்கத்தக்க முதல் மீக்கடத்தி அதுவே.

சீரியம் இவற்றுள் எளிமையானது, விலையும் குறைந்தது. ஆயினும், உயிரகத்தை வாங்கிவைத்து வேண்டும்போது விட்டுக்கொடுக்கும் அதன் இயல்பால், ஊர்திகளின் புகைப்போக்கியில் நச்சுவளியை மாற்றும் வினையூக்கிக்கு அது இன்றியமையாதது. கண்ணாடியை மெருகேற்றுவதும் அதன் தூளே. ஒளியை மிகுதியாக வளைக்கும் படப்பிடிப்புக் கருவிக் கண்ணாடியில் இலாந்தனம் உள்ளது. உப்பு அளவே போதும். உணவு முழுதும் சுவைபெறும். அருமண் சேர்மங்களின் பயனும் அத்தகையது.

இத்துணைப் பயனுடைய பொருளை இன்று ஆள்வோர் யாவர்? 1960-கள் முதல் 1980-கள் வரை உலகின் அருமண் தேவையைப் பெரிதும் நிறைவேற்றியது அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள மவுண்டன் பாசு சுரங்கம். வண்ணத் தொலைக்காட்சியின் செந்நிறத்தை ஒளிரச் செய்த ஐரோப்பியம் அங்கிருந்தே வந்தது. 2002-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. நியோடிமியக் காந்தத்தைக் கண்டறிந்த செனரல் மோட்டார்சு நிறுவனம், அதற்கென 1986-இல் தொடங்கிய மேக்னிகுவென்சு என்னும் தொழிற்பிரிவை 1995-இல் விற்றது. வாங்கியோருட் சீனக் குழுமங்களும் இருந்தன. சில ஆண்டுகளில் பொறிகளும் தொழிலும் சீனத்திற்குப் பெயர்ந்தன. மண் அமெரிக்காவிலேயே கிடந்தது; மண்ணைப் பொருளாக்கும் கைத்திறன் கடல் கடந்தது.

சீனம் அதனை ஏற்கும் நிலையிற் காத்திருந்தது. பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் சூ குவாங்சியனிடம், பிரிக்க முடியாத இரட்டையராகிய பச்சையிரட்டையையும் புதியவிரட்டையையும் பிரிக்கும் பணி 1972-இல் ஒப்படைக்கப்பட்டது. இரு நீர்மங்களை எதிரெதிராக ஓடவிட்டு, நூற்றுக்கணக்கான படிகளில் தனிமங்களை மெல்ல மெல்லப் பிரிக்கும் முறைக்கு அவர் கணக்கியல் அடிப்படை வகுத்தார். அக்கணக்கின் வழியே ஆலைகள் எழுந்தன. சீனத்தின் மிகவுயர்ந்த அறிவியற் பரிசு 2008-இல் அவருக்கு வழங்கப்பட்டது. இன்று உலக அருமண் தூய்மையாக்கத்திலும் காந்த ஆக்கத்திலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு சீனத்தின் கையில் உள்ளது. 2010-இல் சப்பானோடு கடற்பூசல் எழுந்தபோது, அந்நாட்டிற்குச் செல்லும் அருமண் தடைப்பட்டது. 2025 ஏப்பிரலில், சமாரியம், திசுப்புரோசியம், இட்டிரியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனம் கட்டுப்பாடு விதித்தது. சென்னையைச் சூழ்ந்தும் ஓசூரிலும் இயங்கும் ஊர்தித் தொழிலும் அதில் அடங்க, இந்திய ஊர்தித் தொழில் முழுவதும் காந்தத்திற்காகக் கவலையுற்றது.

இவ்விடத்தில் மொழிபற்றிய உண்மையொன்றைக் குறிப்பிடாமற் செல்லுதல் தகாது. சீனர் ஒவ்வொரு தனிமத்திற்கும் ஒற்றை எழுத்து வகுத்துள்ளனர். இதள் (பாதரசம்) ஒன்று நீங்கலாக, மாழைத் தனிமங்களின் எழுத்துகள் அனைத்திலும் ஒருபாதி 'பொன்' என்னும் குறி. மறுபாதி ஒலியைக் காட்டுவது. எழுத்தைக் கண்டதும் இது மாழை என்பது சீன மாணவனுக்கு விளங்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, வேதியியல் நூல்களைத் தம் மொழியில் ஆக்கியோர் இவ்வொழுங்கை நிறுவிவிட்டனர். சீனத்தில் அவ்வெழுத்துக்குப் பொன் என்றும் மாழை என்றும் இருபொருள். தமிழிலும் பொன் என்னும் சொல் மாழைப் பொதுப்பெயராக வழங்கியதற்கு, ஐம்பொன் என்னும் வழக்கும் இரும்பைக் கரும்பொன் என்ற வழக்கும் சான்று. ஒரே சிந்தனை இருமொழியிலும் இருந்தது. சீனர் அதனை அறிவியலுக்குப் பயன்கொண்டனர். தமிழரோ அதனைச் சிலை வடிக்கும் கூடத்தோடு விட்டுவிட்டனர்.

இனி, தென்கோடிக்கு வருவோம். 1909-இல் சோம்பர்கு என்னும் செருமானிய வேதியியலறிஞர், திருவிதாங்கூரினின்று சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஒளிரும் மணிகளைக் கண்டார். அவை மோனசைட்டு என்னும் அருமண் கனிமம். வளிவிளக்கின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியமும் சீரியமும் அதனுள் இருந்தன. அவ்வலைத்திரியைக் கண்டவரும் நியோடிமியத்தைப் பிரித்த வெல்சுபாக்கே. மணலின் பிறப்பிடத்தைத் தேடிவந்த சோம்பர்கு மணவாளக்குறிச்சியை அடைந்தார். மணல் பிரிக்கும் ஆலை அங்கு எழுந்தது. முதல் உலகப்போருக்குப் பின் அத்தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் விளக்கெரிந்தது. மணலுக்குரிய ஊரில் இருள் நீங்கவில்லை. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. 1954-இல் குருதி சிந்திப் போராடிய மக்களின் உறுதியால், 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. அவ்விணைப்பால் மணவாளக்குறிச்சியும் அதன் கருமணலும் தமிழக எல்லைக்குள் வந்தன.

அக்கருமணலில் மோனசைட்டு ஒரு சிறுபங்கே. இல்மனைட்டு, உரூட்டைல், கார்னெட்டு ஆகியவற்றோடு, சுழலிப் பூச்சுக்கு மூலமாகிய சிர்க்கானும் அதில் உண்டு. மோனசைட்டில் பாதிக்கு மேற்பட்ட எடை அருமண் உயிரகச் சேர்மங்களே. அவற்றுள் சீரியமும் இலாந்தனமும் நியோடிமியமும் மிகுதி, திசுப்புரோசியம் போன்றவை மிகக் குறைவு. மணவாளக்குறிச்சியில் நடப்பது மணலைக் கனிமங்களாகப் பிரிக்கும் வேலை. வேதிவினையாற் பிரிக்கும் ஆலைகள் ஒடிசாவிலும் கேரளத்து ஆலுவாவிலும் உள்ளன. பிரித்தெடுத்த நியோடிமியமும் உள்நாட்டிற் காந்தம் செய்வாரின்மையால் நெடுங்காலம் சப்பானுக்கு ஏற்றுமதியாயிற்று. விசாகப்பட்டினத்தில் சமாரியக் கோபால்ட்டுக் காந்த ஆலை 2023-இல் தான் தொடங்கப்பெற்றது. ஆண்டுக்கு 6,000 டன் நிலைக்காந்தம் செய்யும் திறனை உண்டாக்க, 7,280 கோடி உருபா மதிப்பிலான திட்டத்தை நடுவணரசு 2025 நவம்பரில் ஏற்றது. காலந்தாழ்ந்த தொடக்கமாயினும் தொடக்கமே. அதில் மணல் தந்த மாவட்டத்திற்கு என்ன பங்கு என்பதே தமிழர் கேட்க வேண்டிய கேள்வி.

ஆயின், கேட்கும் கேள்வி இரண்டாதல் வேண்டும். மோனசைட்டில் 8 அல்லது 9 விழுக்காடு தோரியமும் சிறிது யுரேனியமும் உள்ளன. இரண்டும் கதிரியக்கம் உடையவை. இத்தகைய மணல் இயற்கையாகவே பரந்த கருநாகப்பள்ளிக் கடற்கரையில் வாழ்வோரை நெடுங்காலம் ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, புற்றுநோய் மிகுதிப்பட்டதாகக் காட்டவில்லை. இயற்கையிற் கிடக்கும் மணலுக்கு உரிய இம்முடிவை, அகழ்ந்து செறிவாக்கிக் காடியிற் கரைத்துக் கழிவை ஒதுக்கும் ஆலைக்கும் பொருத்திச் சொல்லுதல் முறையாகாது. மலேசியாவின் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கிய அருமண் ஆலை, தோரியக் கழிவால் ஊர்மக்களின் வழக்கையும் எதிர்ப்பையும் சந்தித்து, 1994-இல் மூடப்பட்டது. 2024-இல் குமரி மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டத்தில் ஏறத்தாழ 1,144 எக்டேர் பரப்பில் மணல் அகழும் முன்மொழிவு எழுந்தபோது, கடற்கரை மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்டோபர் தொடக்கத்தில் நடைபெறவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அம்மக்களை அறியாதார் என்றும் வளர்ச்சிக்கு எதிரிகள் என்றும் பழித்தல் எளிது. மணலரண் குறையின் கடல் ஊருக்குள் வரும் என்பதைப் பட்டறிந்தவர் அவர்கள். அகழ்வின் நலம் முழுவதும் வெளியே சென்று, அதன் தீங்கு மட்டும் குடிசை வாயிலில் தங்குமாயின், அதனை எவர்தாம் ஏற்பர்?

ஆதலின், மண்ணை எத்துணை டன் அகழ்வது என்பது முதற்கேள்வி ஆகாது. அகழ்ந்தது எங்கே, எவர் கையால், எப்பொருளாக முடியும் என்பதே முதற்கேள்வி. நியோடிமியம் மட்டும் பிரிந்து, சீரியமும் இலாந்தனமும் குவியலாகத் தேங்குமாயின், அது அரைகுறைத் தொழில். வினையூக்கி, மெருகுத்தூள், ஒளிக்கண்ணாடி, காந்தம் என ஒவ்வொன்றும் உரிய பொருளாக முடிதல் வேண்டும். 2010-இல் இடருற்ற சப்பான் புதுச்சுரங்கம் தேடியதோடு அமையவில்லை. காந்தம் முழுவதும் திசுப்புரோசியம் கலவாமல், அதன் நுண்மணிகளின் விளிம்பில் மட்டும் அதனை ஊடுருவச் செய்யும் முறையைக் கையாண்டு தேவையைக் குறைத்தது. பழம்பொறிகளின் காந்தத்தினின்று அருமண்ணை மீட்டது. எறியப்படும் கணிப்பொறிகளும் மின்னூர்திகளும் குவியும் தமிழக நகரங்களும் ஒருவகை அருமண் சுரங்கங்களே. அச்சுரங்கத்தில் கடலும் கரையாது. மீனவர் குடியும் பெயராது.

கதிரியக்க அளவீடுகள் ஊர்மக்கள் படித்தறியத்தக்க தமிழில் மாதந்தோறும் ஊர்மன்றத்தில் வைக்கப்படுதல் வேண்டும். கழிவு எங்கே செல்கின்றது, எத்துணையாண்டு அங்கே கிடக்கும், காப்பவர் யார் என்பவற்றிற்கு எழுத்தில் விடை வேண்டும். மக்களின் இசைவு கேட்டுப் பெறப்படுதல் வேண்டும். இவ்வளவும் நிறைவேறிய பின்னரே ஒரு கைப்பிடி மணலும் எடுக்கப்படலாம் என்பது நடுநிலையாளர் எவரும் மறுக்கவியலாத முறை.

இவ்வனைத்திற்கும் அடித்தளம் கல்வி. குமரி மாவட்டத்துப் பள்ளியிற் பயிலும் மாணவன், தன் ஊர் மணலினின்று சுழலிப் பூச்சும் காந்தமும் சீரொளியும் பிறக்கும் வகையைத் தன் மொழியில் படித்தறிய வேண்டும். சீரொளி, ஒளியிழை, மீக்கடத்தி, சுழலி, வினையூக்கி என்னும் சொற்கள் தமிழில் ஆயத்தமாக நிற்கின்றன. தனிமப் பெயர்களை உலக வழக்கின் ஒலியிலேயே கொள்ளினும், அவற்றின் பொருளை ஆசிரியர் சொல்லிக் கற்பித்தல் எளிது. கரந்திருந்தது இலாந்தனம், எய்துதற்கு அரியது திசுப்புரோசியம் என்று கற்ற மாணவன், அப்பெயரை மட்டுமன்றி அதன் வேதியியலையும் மறவான். கரந்தம் என்றும் எய்தரியம் என்றும் அவனே பெயர் படைக்கவும் முற்படுவான். பெயரை வெற்றொலியாக உருப்போட்டவன் தேர்வறையோடு அதனைத் துறந்துவிடுகின்றான். மொழியின்றிக் கைத்திறன் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். மொழியிற் பதிந்த கைத்திறனோ வழிவழி வளரும்.

கயிற்றில் ஒட்டிச்சென்ற மணலைக் கண்டு, அதன் பிறப்பிடத்தைத் தேடிக் கடல்கடந்து வந்தான் ஒரு செருமானியன். அம்மணல்மேல் பிறந்து வளரும் தமிழ்ப்பிள்ளைக்கு, அதனைக் குனிந்து நோக்கும் கண்ணும் கூர்ந்து ஆராயும் கருத்தும் இல்லாமற் போகா. அவற்றைத் திறந்துவிடும் பொறுப்பு ஆசிரியருக்கும் அரசுக்கும் தமிழ்ச் சான்றோருக்கும் உண்டு. மண்ணின் அருமையைப் பேசிப் பெருமைகொண்ட காலம் போதும். பிரித்தறியும் அருமுயற்சியைத் தமிழர் கைக்கொள்வாராக! மணவாளக்குறிச்சி மணல் விற்கும் ஊராக இராமல், மணலின் மறைபொருளைத் தமிழிற் கற்பிக்கும் ஊராக எழுக!